தாத்தாவின் கழுத்தில் ஓர் அட்டை

"தாத்தாவுக்கு மட்டும் ஒரு ஃபோன்கூட வரல சார்," என்றாள் தொலைபேசிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்.

விளம்பர இடைவேளை. காப்பகத்திலிருந்து வந்த நாய்க்குட்டிகளுக்கெல்லாம் நேயர்கள் வீடு கொடுத்துவிட்டார்கள். தாத்தா என்ற கிழட்டு நாய் மட்டும் பாக்கி. ஒற்றைக் கண், மூன்று கால். நாய்களுக்கு வீடு தேடித் தரும் இந்த டிவி நிகழ்ச்சியை இன்றோடு நிறுத்துகிறார்கள். இன்று இல்லையென்றால் தாத்தாவுக்கு இனி கூண்டுதான்.

தயாரிப்பாளர் முன்பு சோபா கடை வைத்திருந்தார். பழைய சோபா ஒன்றைக் காப்பகத்துக்குக் கொடுக்கப் போனார். அதில் ஏறிப் படுத்த இந்த நாய் அவரை நிமிர்ந்து பார்த்தது. அத்தனை வருட வியாபாரத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் கடையை விற்று இந்த நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

மனைவி தடுக்கவில்லை. "டிவி எடுங்க, நாய்க்குச் சேவை பண்ணுங்க. ஆனா எந்த நாயும் நம்ம வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது." அதன் பிறகு அவர் பொழுதெல்லாம் தாத்தாவோடு காப்பகத்தில்தான்; வீட்டுக்குப் போவதே சட்டை மாற்றத்தான்.

கடையில் நகராத சோபாவின் மேல் 'விற்றாகிவிட்டது' என்று அட்டை வைப்பார். சாயங்காலத்துக்குள் அதே சோபாவுக்குச் சண்டை நடக்கும். இப்போதும் பேனாவை எடுத்தார். 'வீடு கிடைத்துவிட்டது' என்று எழுதித் தாத்தாவின் கழுத்தில் மாட்டினார்.

"சார், தாத்தா விஷயமா ஒண்ணு..." என்றாள் காப்பகத்தின் கால்நடை மருத்துவர்.

"அப்புறம் டாக்டரம்மா."

இடைவேளை முடிந்தது. ஃபோன்கள் அலறின.

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல சார். வாழ்த்து சொல்றாங்க. ஒருத்தர் சந்தோஷத்துல அழுதுட்டு வச்சிட்டாரு."

தயாரிப்பாளர் மைக்கை எடுத்து, நிகழ்ச்சியை நடத்தும் தொகுப்பாளினியின் காதுக்குச் சொன்னார். "எடுத்துக்கறேன்னவர் மனசு மாறிட்டார்னு சொல்லும்மா."

சொன்னாள். இப்போது ஃபோன்கள் இன்னும் அலறின.

"தாத்தாவைக் கேக்கறாங்களா?"

"அந்த ஆளைக் கேக்கறாங்க சார். கையில கிடைச்சா தோலை உரிப்பாங்களாம்."

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்றாள் மருத்துவர்.

"டாக்டரம்மா, லைவ் போயிட்டிருக்கு."

சேனல் மேலாளர் ஓடி வந்தார். "யாருய்யா அந்த ஆளு? பிடிச்சு கேமரா முன்னாடி நிறுத்துங்க. இப்பத்தான் நிகழ்ச்சியே சூடு பிடிக்குது."

"அவரு... இங்கதான் எங்கயோ இருக்காரு," என்றார் தயாரிப்பாளர். வேறு பொய் கைவசம் இல்லை.

அப்போது தாத்தா எழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் அட்டை ஆட, தரையில் கிடந்த ஒயர்களை மூன்று காலில் ஒவ்வொன்றாகத் தாண்டியது. கேமராமேன் மூச்சை அடக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். இருட்டு மூலையில் நின்ற தயாரிப்பாளரின் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்து, அன்று சோபாவிலிருந்து பார்த்த அதே பார்வையை அது பார்த்தது.

அரங்கமே கோயில் போல ஆகிவிட்டது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான்தான்," என்றார் தயாரிப்பாளர், ஊரே பார்க்க. "மனசு மாறல. என் வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

விளக்குகள் அணைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மனைவி ஒரு வாரம்கூடத் தவறாமல் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பவள்.

"டாக்டரம்மா, காப்பகத்துல எனக்கும் ஒரு பாய் போட்டுடுங்க. எங்களை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா."

"அதைத்தானே சார் அப்பலேருந்து சொல்ல வர்றேன்," என்றாள் மருத்துவர். "நீங்க மாட்டின அட்டை பொய்யே இல்ல. காலையிலயே உங்க வீட்டம்மா வந்து தாத்தாவைத் தனக்குன்னு சொல்லி வச்சுட்டாங்க. அது எங்க இருக்கோ அங்கதான் நீங்க இருப்பீங்களாம். உங்களை வீட்டுக்கு வரவைக்க வேற வழி தெரியலன்னாங்க."