சந்தேகம் சேரும் ஒன்பது பை மண்ணும்

பூமியில் இருந்துகொண்டே பூமியை ஒரு நாளும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் பேராதனை மண் பரிசோதனைக் கந்தோரில்தான் வேலை செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "சந்தேகம் சேர்" என்போம், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். கோயிலில் திருநீறு கொடுத்தால் பூசுமுன் விரலால் தேய்த்துப் பார்ப்பார். கீரைக்காரியிடம் விலை கேட்கமாட்டார்; "பாத்திக்குப் பக்கத்தில கராஜ் ஏதும் இருக்கோ?" என்பார்.

அது யுத்த காலம். நாடே தமிழரைச் சந்தேகித்தது. நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகித்தோம். அவர் மட்டும் மண்ணைச் சந்தேகித்தார்.

நான் அவருடைய கிளார்க். வீடு மஹய்யாவ. அங்கே முன்பு பற்றரிப் பட்டறை இருந்த காணியில் பாலர் பாடசாலை வரவிருந்தது. சேரவிருந்த பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. பிள்ளைகள் விளையாடும் மண்ணில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்று அரசாங்க நியமம் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் அறிக்கை போகாவிட்டால் மேலிடத்தில் காணி நல்லதென்று எழுதிவிடுவார்கள்.

வியாழன் காலை ஒன்பது குழி தோண்டி, ஒன்பது பையில் மண் எடுத்தோம். சேர் காணியைப் படமாக வரைந்து, தூரங்களை எழுதி, குழிக்கொரு சிவப்புச் சிலுவை போட்டார்.

"படம் எதுக்குங்க சேர்? மண்ண அள்ளிட்டுப் போயிருவோமே."

"நியமத்தில கிடக்கு தம்பி. எங்க எடுத்ததெண்டு தெரியாத மண் வெறும் ஊத்தை."

திரும்பும் வழியில் செக்பொயின்ட். இரண்டு தமிழர், ஒன்பது பைத் தூள், சிவப்புச் சிலுவை போட்ட படம். சிப்பாயின் முகத்தில் பதவி உயர்வின் ஒளி படர்ந்தது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் எங்கள் கந்தோருக்கு ஃபோன் போட்டு விசாரித்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: ஆட்களை விடலாம், தூளை விட முடியாது.

"கொட்டிருங்க சேர், புண்ணியமாப் போகும்," என்றேன் நான், பெற்ற தகப்பன்.

"கொட்டினா நாளைக்கு என்னத்தைச் சோதிக்கிறது? உம்மட பிள்ளைதானே அதுக்குள்ள இருந்து விளையாடப் போகுது?"

சொல்லிவிட்டுத் தன் தோள்பையிலிருந்து நியமப் புத்தகத்தை எடுத்து, முதல் பிரிவிலிருந்து சிங்களத்தில் வாசிக்கத் தொடங்கினார். ஈயம் எப்படி மண்ணில் இறங்கும், பிள்ளையின் கைவழியாக எப்படி வாய்க்குப் போகும், கராஜ் இருந்த இடங்களை ஏன் நம்பக்கூடாது. மூன்றாம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"மாத்தயா, என் குவாட்டர்ஸுக்குப் பின்னாலும் ஒரு கராஜ் இருந்தது. சின்னவன் மண் தின்கிறான்."

பத்து நிமிடத்தில் ஒரு கொன்ஸ்டபிள் பிஸ்கட் டின்னில் அந்த முற்றத்து மண்ணோடு ஓடி வந்தார். தப்பித்தோம் என்று எல்லாத் தெய்வங்களுக்கும் நன்றி சொன்னேன். சந்தேகம் சேர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதை ஏற்கமுடியாது. ஒரே இடத்தில் அள்ளியிருக்கிறது. லேபலும் இல்லை."

நான் பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தேன். இன்ஸ்பெக்டர் டின்னை மூடினார்.

"அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து தோண்டுங்கள்," என்று ஒன்பது பைகளையும் எங்கள் பக்கம் தள்ளினார்.

பட்டறைக் காணி மண்ணில் ஈயம் நியமத்தின் எல்லையைத் தாண்டியிருந்தது. அறிக்கை வெள்ளிக்கிழமையே போனது. பாடசாலை வேறொரு மேட்டுக் காணிக்கு மாறியது. அங்கேயும் அவர் ஒன்பது குழி தோண்டிப் பார்த்துத்தான் சம்மதித்தார்.

மகள் தினமும் அங்கிருந்து தலைமுதல் கால்வரை புழுதியோடு வருவாள். மனைவி திட்டித் தீர்ப்பாள். நான் அவளை அப்படியே தூக்கிக்கொள்வேன். அது சந்தேகம் சேர் கையெழுத்துப் போட்ட மண்.