எல்லாத்துக்கும் மூண்டு

"இந்த அரசாங்கத்தின்ரை செயற்பாட்டுக்கு ஒண்டிலையிருந்து அஞ்சுக்குள்ளை எத்தினை புள்ளி போடுவியள், ஐயா?"

கேட்ட பெட்டைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கையில் தொடுதிரை டப், கழுத்தில் அட்டை, அட்டையில் வசந்தினி என்று பெயர். தியாகராசா தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

வேறு நாளென்றால் இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லி முடியப் பின்னேரமாகியிருக்கும். சண்டிலிப்பாய்ச் சந்தியில் அவருடைய இரும்புக்கடை வாங்குப் பலகையில் இருந்து கவிழ்க்கப்படாத அரசாங்கம் இல்லை. அரைக் கிலோ ஆணி நிறுக்கிற நேரத்துக்குள் ஒரு அமைச்சரவையைக் கலைப்பார். ஆணியைச் சுற்றிக் கொடுக்கிற நேரத்துக்குள் புதிதாக ஒன்றை அமைப்பார். எந்தக் கட்சியும் அவரிடம் தப்பியதில்லை. எந்தத் தேர்தலும் அவர் சொன்னபடி முடிந்ததுமில்லை.

ஆனால் இன்று காலமை மச்சான் இளையதம்பி போனில் அவருடைய வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார்.

"அத்தான், மகள் கோபிகாவின்ரை சாதகம் பொருந்தியிட்டுது. உடுவில் ஊர் மாப்பிள்ளை வீட்டுக்கும் நல்ல விருப்பம். இனி விசாரிக்க ஆள் அனுப்புவினம். நீங்கள் வாயை மட்டும் கவனமா வைச்சிருங்கோ."

"என்ரை வாய்க்கு என்ன?"

"போன வருஷம் அவைக்குச் சரிவந்த இடமொண்டு கட்சிக் கதையிலைதான் குழம்பினதாம்."

"அவை எந்தக் கட்சி?"

"தெரியாது. கேட்டால், ஏன் கேக்கினம் எண்டு யோசிப்பினமல்லோ."

"சரி, ஆர் வருவினம்?"

"அதுவும் தெரியாது. தேங்காய் வாங்கிற ஆள் மாதிரியும் வரலாம், லைற் பில்காரர் மாதிரியும் வரலாம்."

மாப்பிள்ளை வங்கியில் மனேச்சர். மூன்று வருஷமாகச் சாதகம் தூக்கித் திரிந்து, ஆறு இடம் தட்டிப்போய், ஏழாவதாக வந்த இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் படத்தைக் காட்டினாலும் "பாப்பம்" என்று மேசையில் வைத்துவிடுகிற கோபிகா, இந்தப் படத்தை மட்டும் தன் அறைக்குக் கொண்டுபோயிருந்தாள்.

"ஐயா, புள்ளி?"

"பிள்ளை எங்கையிருந்து வாறியள்?"

"ஒரு ஆய்வு நிறுவனத்திலையிருந்து. வாக்காளரின்ரை கருத்துக் கேக்கிறம். காலமை உடுவில் முடிச்சிட்டு நேரை இங்கைதான்."

உடுவில். தியாகராசாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டப்பும் அட்டையும் கொடுத்து விசாரிக்கிற அளவுக்குப் பெரிய இடம் என்று பயத்தோடு ஒரு பெருமையும் வந்தது.

"இருங்கோ, பிள்ளை" என்று வாங்கைத் துடைத்தவர், உட்பக்கம் திரும்பி, "மீனாம்பிகை, ஒரு தேத்தண்ணி. நல்ல கோப்பையிலை" என்றார்.

"கடைக்கு வாற ஆக்களுக்கு ஏனப்பா மாப்பிள்ளை வீட்டாருக்கு வாங்கி வைச்ச கோப்பை?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

தியாகராசா பலமாக இருமினார்.

"அரசாங்கத்துக்கு மூண்டு."

முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் படித்தது அதுதான். வந்தவரின் மனம் தெரியாவிட்டால் விலையை நடுவில் வைக்க வேண்டும்.

"எதிர்க்கட்சிக்கு?"

"மூண்டு."

"எங்கடை தமிழ்க் கட்சியளுக்கு?"

"அவைக்கும் மூண்டு. ஆருக்கும் மனவருத்தம் வேண்டாம்."

"பிரதேச சபைக்கு?"

"மூண்டு."

வசந்தினி டப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஐயா, எல்லாத்துக்கும் மூண்டு போட்டால், நானே வேப்பமரத்துக்குக் கீழை இருந்து நிரப்பினதெண்டு நிறுவனக் கந்தோரிலை என்னைப் பேசுவினம். ஒண்டையாவது மாத்துங்கோ."

"அப்ப பிரதேச சபைக்கு நாலு."

சொன்ன வாய் மூட முதல் பயம் பிடித்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சபையில் தோற்ற கட்சியென்றால்?

"வேண்டாம், பிள்ளை. இரண்டு."

வென்ற கட்சியென்றால்?

"மூண்டு போடுங்கோ."

"அதுதானே ஐயா முதலும் இருந்தது."

"ஓம். இப்ப யோசிச்சுச் சொல்லுறன்."

வசந்தினி பெருமூச்சோடு சுவரைப் பார்த்தாள். அவளுடைய கண் போன இடத்துக்குத் தியாகராசாவின் கண்ணும் போனது. ஆணியில் ஒரு வேட்பாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். புதுவருஷத்துக்குக் கொடுத்த கலண்டர்.

"உது சும்மா திகதி பாக்க" என்று எழும்பி அதைக் கழற்றினார்.

கழற்றிய இடத்தில் இன்னொரு கட்சிக்காரர் சிரித்தார். அது முந்தின வருஷத்துக் கலண்டர். பழையதை எடுக்காமல் அதே ஆணியில் புதியதை மாட்டுவது தியாகராசாவின் வழக்கம். சுவருக்கும் ஈரம் பிடிக்காது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அவருடையதை மேலே இழுத்துவிடலாம்.

அதையும் கழற்றினார். அதற்குப் பின்னால் கொழும்புக் கட்சியின் அமைச்சரொருவர். அவருக்குப் பின்னால், இப்போது எந்தக் கட்சியில் இருக்கிறார் என்று அவருக்கே நிச்சயமில்லாத ஒருவர்.

நாலு பேரையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தியாகராசா திரும்பினார்.

"எல்லாருக்கும் ஆதரவு போல" என்றாள் வசந்தினி.

"ஒருத்தருக்கும் இல்லை, பிள்ளை. சுவரிலை வெடிப்பு. அதை மறைக்க மாட்டினது."

சுவரில் வெடிப்பு இல்லை. நாலு வெள்ளைச் சதுரம் மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தது.

"சரி, அடுத்த கேள்வி. அதிகாரம் மாகாண சபையிட்டைக் கூட இருக்கோணுமோ, மத்திய அரசிட்டைக் கூட இருக்கோணுமோ?"

இந்தக் கேள்விக்கு அவர் போன கிழமைதான் ஒன்றரை மணித்தியாலம் பேசியிருந்தார். நாக்கின் நுனி வரை வந்ததைப் பல்லால் பிடித்தார்.

"இப்ப இருக்கிற மாதிரி இருக்கட்டும்."

"மாகாண சபைத் தேர்தலே கனகாலமா நடக்கேல்லையே, ஐயா?"

"நடந்தாலும் ஒரு விதத்திலை நல்லது. நடக்காட்டிலும் ஒரு விதத்திலை நல்லது."

"எந்த விதத்திலை?"

"மூண்டு போடுங்கோவன்."

"இது புள்ளி போடுற கேள்வியில்லை, ஐயா."

அந்த நேரம் பார்த்து சுபாஸின் ஓட்டோ வந்து நின்றது. தினமும் பத்து மணிக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், தியாகராசாவின் அரசியலைக் கேட்டுவிட்டுப் போகிற ஒரே ரசிகன் அவன்.

"அண்ணை, நேற்று எங்கடை எம்.பி.யைப் பற்றிச் சொன்னியளே, வீட்டிலை சொல்ல ஒருத்தரும் நம்பீனமில்லை. ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ, ரெக்கோட் பண்ணுவம்."

"நான் எம்.பி.யைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை."

"உந்த வாங்கிலை இருந்துதானே கதைச்சனியள்? மூண்டு கட்சியையும் ஒரே சாக்கிலை கட்டிக் கீரிமலைக் கடலிலை போடோணும் எண்டு."

வசந்தினி ஆவலோடு நிமிர்ந்தாள். "எந்த மூண்டு, அண்ணா?"

"அது கிழமைக்குக் கிழமை மாறும், தங்கச்சி. சாக்கு மட்டும் மாறாது."

தியாகராசா அவசரமாக ஒரு சுருள் கட்டுக்கம்பியை எடுத்துச் சுபாஸின் கையில் திணித்தார். "இந்தா, நீ கேட்ட கம்பி. கொண்டு போ."

"நான் கம்பி கேக்கேல்லையே."

"கொண்டு போ எண்டுறன்."

முப்பது வருஷத்தில் ஒரு வாஷர்கூட இனாமாகக் கொடுக்காத மனுசன். சுபாஸ் பயந்துபோய் வசந்தினியிடம் குனிந்தான். "தங்கச்சி, அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ?"

அவன் போனதும் தியாகராசா மிச்சமிருந்ததைக் காப்பாற்றப் பார்த்தார்.

"நான் எப்பிடியும் இருக்கட்டும், பிள்ளை. எங்கடை மகள் கோபிகாவுக்குக் கட்சி எண்டால் என்னெண்டே தெரியாது. தேர்தல் எண்டால் அந்தப் பக்கமே போகமாட்டாள். அதை வடிவா எழுதுங்கோ."

தேத்தண்ணியோடு வந்தது மீனாம்பிகையல்ல, கோபிகாதான். "ஏன் அப்பா பொய் சொல்லுறியள்? ரெண்டு தேர்தலிலை வாக்கெண்ணுற நிலையத்திலை கடமை செய்தனான். அப்பா ஆருக்குப் போடுவன் எண்டு சொல்லுறாரோ, எங்கடை ஊர்ப் பெட்டியிலை அந்த ஆளுக்கு ஒரு வாக்கும் இராது" என்று கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"கடைசிக் கேள்வி" என்றாள் வசந்தினி, சிரிப்பை அடக்கி. "நாடு சரியான திசையிலை போகுதோ?"

"போகுது, பிள்ளை."

"திசை சரியோ?"

"அது ஓட்டுறவைக்குத்தான் தெரியும். நாங்கள் பின்னாலையிருந்து ஆடிக்கொண்டு போறம்."

அவருடைய வாயிலிருந்து அன்றைக்கு வந்த ஒரே உண்மை அதுதான். சொன்ன உடனேயே, ஏழாவது சாதகமும் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரிந்தது. அறைக்குள் கொண்டுபோன படத்தைக் கோபிகா திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைக்கப்போவதும் தெரிந்தது.

வசந்தினி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினாள். தியாகராசாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கலண்டர் நாலையும் அணைத்தபடியே ஓட்டமும் நடையுமாகப் போய் அவளுடைய ஸ்கூட்டியை மறித்தார்.

"பிள்ளை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. என்னைப் பற்றி உடுவிலிலை என்ன சொல்லப்போறியள்?"

வசந்தினி அவரையும் கலண்டர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் ஏதோ விளங்கியது.

"ஓ, அது நீங்கள்தானோ? காலமை உடுவிலிலை ஒரு பாங் மனேச்சரின்ரை வீட்டிலையும் சுவர் நிறைய வெறும் ஆணிதான், எல்லாத்துக்கும் மூண்டுதான், ஐயா. வெளிக்கிடேக்கை அவரின்ரை அப்பா கேற்றடியிலை என்னை மறிச்சு, 'பிள்ளை, அந்தச் சண்டிலிப்பாய் ஆக்கள் எந்தக் கட்சியெண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்கோ' எண்டு கெஞ்சினவர்."