சிலோன் செடிக்கு நான் பார்த்த வைத்தியம்

என் வாழ்நாளில் நான் ஒரே ஓர் உயிரைத்தான் கொல்லப் பார்த்திருக்கிறேன். அதுவும் பகையால் அல்ல, பாசத்தால். பாசத்தோடு அறியாமையும் சேர்ந்து, அதற்கு மேல் கொஞ்சம் தன்னம்பிக்கையும் இருந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் கொன்றுவிடலாம் என்பது என் அனுபவம். (என்னிடம் அப்போது மூன்றும் தாராளமாக இருந்தன.)

இன்றைக்கு வாடிப்போன தொட்டிச் செடி எதையாவது என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். இலை மேலே பழுக்கிறதா கீழே பழுக்கிறதா, ஓரம் கருகுகிறதா, தண்டு அமுங்குகிறதா என்று பார்த்து, மண்ணை ஒருமுறை மோந்துவிட்டு நோயைச் சொல்லிவிடுவேன். இந்த வித்தை எனக்குக் காலேஜில் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், சாரல் காலத்தில், குற்றாலத்தில் ஊரே பார்க்க அவமானப்பட்டபோது கிடைத்தது.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நான் பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் படித்துவிட்டுத் தென்காசிக்கு வந்து சும்மா இருந்தேன். படித்துவிட்டு என்றுதான் சொன்னேன், தேறிவிட்டு என்று சொல்லவில்லை. தாவர சாஸ்திரப் பரீட்சையில் செம்பருத்திப் பூவைக் குறுக்கே வெட்டிக் காட்டச் சொன்னார்கள். நான் என் விரலை வெட்டிக் காட்டினேன். ஆனால் ஊருக்குள் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? விரலில் இருந்த தழும்பைக்கூடப் படிப்பின் அடையாளமாகத்தான் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

வக்கீல் ஆறுமுகம் பிள்ளை எனக்கு மாமா முறை. அவருடைய ஒரே மகள் கோமதியை எனக்குக் கொடுக்கலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சுதான். வெற்றிலை பாக்கு மாற்றவில்லை. மாமாவுக்கு என் மேல் சந்தேகம் இருந்தது. (அவர் இடத்தில் நான் இருந்தால் சந்தேகமே இருந்திருக்காது. வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லியிருப்பேன்.) எனக்கோ கோமதியை ஒரு தேரோட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

மாமாவின் ஆபீஸ் அறையில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு செடி நின்றது. கொழும்பில் வியாபாரம் செய்த கட்சிக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. முழங்கை நீளத்துக்கு இலைகள், கரும்பச்சையில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அது சிலோன் செடி. மண் தொட்டி தெரியாமல் இருக்க, அதை அப்படியே பளபளவென்று துலக்கிய ஒரு பித்தளைக் கொப்பரைக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். அந்தச் செடி வந்த நாளிலிருந்து தாம் ஒரு வழக்கிலும் தோற்கவில்லை என்று மாமா நம்பினார்.

ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல் ஓர் இலையைத் தொட்டுப் பார்த்து, "இது ஈரத்தை விரும்புற ஜாதி மாமா" என்று சொல்லி வைத்தேன். அந்த ஒரு வார்த்தைதான் வினை. ஆனி மாதம் மாமாவுக்கு ஓர் அப்பீல் விஷயமாக மதராஸ் போகவேண்டி வந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே நமச்சிவாயம், நீதான் செடி கொடியெல்லாம் படிச்சிருக்கேல்லா? நான் வருத வரைக்கும் இத நீ பாத்துக்கோ. ஒரு செடியப் பாத்துக்கிடத் தெரிஞ்சவனுக்குத்தான் நான் பொண்ணக் குடுப்பேன்."

இவ்வளவு சுலபமான பரீட்சையை எனக்கு யாரும் வைத்ததில்லை. மறுநாள் காலையிலேயே ஆபீஸ் அறையில் போய் உட்கார்ந்தேன். குமாஸ்தா வேலாயுதம் அண்ணாச்சி வழக்குக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். நான் செடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை நகரமாட்டேன். உள்கட்டுக்கும் ஆபீஸ் அறைக்கும் நடுவே ஒரு சன்னல். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் பெண், மாப்பிள்ளையாகப் போகிறவன் முன்னால் வரக்கூடாது, பேசவும் கூடாது. வளையல் சத்தம் மட்டும் வரலாம். அது வந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தத்துக்காகவே கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் இறைத்துவந்து, தோளை அகட்டி, செடிக்கு ஊற்றினேன். நாலாம் நாள் அடி இலை மஞ்சளாகத் தொங்கியது. தாகம் என்று முடிவு செய்தேன். குடம் இரண்டானது.

மறுநாள் அண்ணாச்சி உள்ளே போய்விட்டு வந்து தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, உள்ள இருந்து ஒரு சேதி. செடிக்குத் தண்ணி அதிகமாம். நிறுத்தச் சொல்லுதா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் குடம் சுமப்பதைப் பார்க்க அவள் மனசு பொறுக்கவில்லை! வேறு எப்படிச் சொல்வாள், பாவம், செடியைச் சாக்கு வைத்துச் சொல்கிறாள். "எனக்கு ஒரு சிரமமும் இல்லன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்று சன்னல் பக்கம் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு மூன்றாவது குடத்துக்குப் போனேன்.

இன்னும் இரண்டு இலை பழுத்தது. நிழலில் கிடந்து சோகை பிடித்துவிட்டது என்று வெளியே இழுத்து வெயிலில் வைத்தேன். இலை ஓரமெல்லாம் கருகி அப்பளம் போலாயிற்று. உடனே இரண்டாவது சேதி வந்தது. "வெயில்ல வைக்காண்டாம்ங்கா தம்பி." நான் கறுத்துப்போவேன் என்று கவலைப்படுகிறாளே என்று உருகிப்போனேன்.

மூன்றாவது சேதிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "கொப்பரைக்குள்ள கைய விட்டுப் பாக்கச் சொல்லுதா."

கடிதம்! வேறென்ன இருக்க முடியும்? அண்ணாச்சி அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, முழங்கைவரை கையை விட்டுத் துழாவினேன். கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு, அரைக் கொப்பரைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஊற்றியதெல்லாம் தொட்டி வழியாக வடிந்து அங்கேயே நின்றிருக்கிறது. வேர் மூன்று வாரமாக அதற்குள்தான் ஊறுகிறது. இதையெல்லாம் நான் கவனிக்கவேண்டியதுதானே? நான் கவனித்தது கடிதம் இல்லை என்பதை மட்டும்தான். எழுதத் துணிவு வரவில்லை போலிருக்கிறது என்று அவளை மனசுக்குள் மன்னித்து, கையைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் தண்டு அமுங்கத் தொடங்கியது. மண்ணிலிருந்து பொடி ஈக்கள் கிளம்பின. ஒன்பது இலையில் மூன்றுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை வருவதாக மாமாவிடமிருந்து கார்டு வந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. செடி போனால் கோமதி போய்விடுவாள்.

"அண்ணாச்சி, என்ன செய்ய?" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "பக்கவாதம்னாலும் பைத்தியம்னாலும் நம்ம பக்கத்துல எங்கன கூட்டிட்டுப் போறாங்க? குத்தாலத்துக்குத்தான? மூலிகைத் தண்ணிலா! மனுசனுக்கு ஆவுறது செடிக்கு ஆவாதா?"

எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வியாழக்கிழமை காலை மாட்டுவண்டி பிடித்தேன். எண்ணெய் தேய்க்காமல் அருவியில் தலை காட்டினால் ஜன்னி கண்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஆகையால் மூன்று இலைக்கும் முன்னும் பின்னும் நல்லெண்ணெய் தேய்த்து, தண்டுக்கும் உருவிவிட்டேன். உள்ளே வளையல் சத்தம் படபடவென்று கேட்டது. வழியனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேரருவி பலவீனமான உடம்புக்கு ஆகாது. எனவே அதற்கு மேலே சிற்றருவிக்குச் செடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய்த் தலையோடு நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது.

"என்ன வே, செடிக்குச் சளியா?" என்றது ஒரு குரல்.

"கொஞ்சம் பலவீனம்" என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, தொட்டியைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தேன்.

சிற்றருவி என்றாலும் அருவி அருவிதான். முதல் அடியில் மண் போயிற்று. இரண்டாவதில் தொட்டி நழுவிப் பாறையில் விழுந்து உடைந்தது. நான் செடியை வெறும் மார்போடு கட்டிப்பிடித்தேன். என் மேலும் எண்ணெய், அதன் மேலும் எண்ணெய். அது வழுக்க, நான் இறுக்க, அழுகின தண்டு அடியில் ஒடிந்து வேர் தண்ணீரோடு போயிற்று. அப்போதுதான் அரிப்பு ஆரம்பித்தது. அந்தச் செடி சேம்புக்குச் சொந்தக்காரன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதன் பால் மார்பிலும் கழுத்திலும் பட்டு, நான் ஒரு கையால் செடியையும் மறு கையால் உடம்பையும் பிறாண்டிக்கொண்டு குதித்தேன். கூட்டம் குளிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

"ஏலே நமச்சிவாயம்! கையில என்னலே அது?"

இடுப்பில் துண்டோடு, தலை சொட்டச் சொட்ட மாமா நின்றார். வேலை முந்தியே முடிந்து ஒருநாள் முன்னதாக ரயிலேறி, மதராஸ் சூடு தணிய நேரே அருவிக்கு வந்திருக்கிறார்.

"செடி மாமா."

"எந்தச் செடி?"

"நம்ம... சிலோன் செடிதான். குளிப்பாட்டலாம்னு கொண்டாந்தேன்."

மாமா என்னையும் பார்த்தார், என் கையில் இருந்த கட்டையையும் பார்த்தார். கோர்ட்டில் ஒருநாளும் வாயடைத்துப் போகாத மனிதர் ஒன்றும் பேசாமல் கரையேறினார்.

பேச்செல்லாம் வீட்டில்தான். "ஒரு செடியக் குடுத்தேன், ஒரு மாசத்துல கட்டையாக்கிட்டான்! பொண்ணக் குடுத்தா என்ன செய்வான்? இந்தப் பேச்சு இத்தோட போச்சு!" என்று ஆபீஸ் அறை அதிரக் கத்தினார். நான் கழுத்தைச் சொறிந்துகொண்டே அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அப்போது உள்கட்டுக் கதவு திறந்தது. கோமதி கையில் கத்தியோடு வெளியே வந்தாள். முறை கிறை எல்லாம் மறந்து என் கையிலிருந்து தண்டை வாங்கி, நுனியை மோந்து பார்த்தாள்.

"அப்பா, இது இன்னும் சாகல்ல. தினம் நான்தான் இதப் பாத்துக்கிட்டிருந்தேன். மூணு நாளைக்கு ஒருக்க ஒரு செம்பு, அவ்வளவுதான். ஊருக்குப் போகையில என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீயளா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மண்ணுல விரல விட்டுப் பாத்தா காஞ்சிருக்கா ஈரமா இருக்கான்னு தெரியாதா? ஈரத்தோட அடி இலை பழுத்தா அது தாகமில்ல, மூச்சு முட்டுது. மூணு தடவ சொல்லிவிட்டேன்லா?"

"என் மேல உள்ள அக்கறையில சொன்னியோன்னு..."

"செடி மேல."

வேலாயுதம் அண்ணாச்சி அவசரமாக ஒரு வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

கோமதி அழுகலைச் சீவிக்கொண்டே போனாள். பழுப்பு மாறி, சுத்தமான வெள்ளைச் சதை தெரிந்தபிறகுதான் நிறுத்தினாள். மிஞ்சியவை விரற்கடை நீளத்தில் மூன்று துண்டுகள்தான். இரண்டு நாள் நிழலில் காயவைத்து, ஆற்று மணலில் கரித்தூள் கலந்து, அடியில் ஓட்டை உள்ள சின்னத் தொட்டியில் ஒன்றை நட்டாள். கொப்பரை அடுக்களைக்குப் போயிற்று.

"ஆவணிக்குள்ள துளுத்தா பேசலாம். இல்லன்னா இல்ல" என்றார் மாமா.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாண்டாம். அதுதான் வைத்தியம்" என்றாள்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த கஷ்டமான உத்தியோகம் அதுதான். தினமும் எதிரே உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஆடி கடைசியில் ஒருநாள் சுருட்டிய வெற்றிலை மாதிரி ஒரு குருத்து தலை நீட்டியது. மாமா கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். ஐப்பசியில் கல்யாணம் நடந்தது.

கல்யாணமாகி ஒரு வாரம் கழித்துக் கிணற்றடிக்குப் பின்னால் போனபோது அங்கே இன்னும் இரண்டு தொட்டிகளைப் பார்த்தேன். இரண்டிலும் குருத்து. கோமதியைக் கேட்டேன்.

"அது துளுக்காட்டா இதுல ஒண்ண மாத்தி வைக்கலாம்னுதான்" என்றாள் தரையைப் பார்த்து.

"என்னைக் கட்டிக்கிடவா? நான் செடியைக் கொன்னதைப் பார்த்தபிறகுமா?"

"கொன்னீயதான். ஆனா சாகப்போற செடிய எண்ண தேச்சு, இடுப்புல சுமந்து அருவிக்குக் கொண்டு போனீயல்லா? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா விட்டுட்டுப் போகமாட்டீயன்னு தோணிச்சு. தண்ணி ஊத்தாம நான் பாத்துக்கிடுதேன்."

அந்தச் செடியின் வம்சம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. மூன்றடிக்குள் நான் செம்போடு போகக் கூடாது என்பது சட்டம். வீட்டில் யாராவது இரண்டு தும்மல் போட்டால் போதும், பேரப்பிள்ளைகள் "தாத்தா, நல்லெண்ணெய எடுத்துராதீய!" என்று கத்துவார்கள்.

போன மாதம் எனக்கே காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டேன். பிள்ளைகள் முகமெல்லாம் வாடியிருந்தது, நானும் கொஞ்சம் பயந்துதான் போனேன். கோமதி வந்து போர்வையை விலக்கி, என் கால் விரல்களைச் சாவகாசமாகப் பார்த்தாள்.

"அடி இலை பழுக்கல்ல. பொழைச்சிருவீய" என்றாள்.