ஊறுகாய் ஜாடியில் ஊறிய நட்டுகள்

சவரியப்பனுக்கு அன்றைக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. கீழ்வேளூரில் உரக்கடை வைத்து, சுற்றுவட்டார வயலுக்கெல்லாம் யூரியா கொடுக்கிற மனிதரைப் பார்த்து, கட்டிய மனைவி கேட்கிறாள்:

“ஏங்க, இந்தக் காரை இரும்புக் கடைக்குப் போட்டுடலாமா?”

கேட்டதோடு விட்டாளா? பழைய இரும்பு வாங்கும் ஜெக்கரியாவை வாசலுக்கே வரவழைத்துவிட்டாள் சகாயம்மாள். அவர் கொட்டகைக்குள் நுழைந்து கார்க் கதவை இழுத்துப் பார்த்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

“அண்ணே, இதுல இரும்பைவிடத் துருதான் ஜாஸ்தி. துருவுக்கு நாங்க எடை போடுறதில்ல.”

போன ஐப்பசி மழையில் கொட்டகைக்குள் ஏறிய தண்ணீரில் நின்ற கார் அது. என்ஜின் தப்பித்துவிட்டது. நட்டு, போல்ட்டு, கதவுக் கீல், பேட்டரி கிளாம்பு என்று சில்லறைச் சாமான்கள்தான் செங்கல் நிறத்துக்கு மாறிக் கிடந்தன. அதற்காக இரும்புக் கடையா?

“நான் இருக்கிறப்பவே என் காருக்கு விலை பேசுறியா? நாளைக்கு என்னையும் தராசுல ஏத்துவ!”

“உங்களை யாருங்க எடுப்பா?”

ஜெக்கரியா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சவரியப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

“வர்ற ஞாயித்துக்கிழமை பூசைக்கு இந்தக் கார்லதான் போறோம். இல்லன்னா என் பேரு சவரியப்பன் இல்ல!”

“வேற பேரு ஒண்ணு யோசிச்சு வைக்கிறேன்.”

உரக்கடைக்குப் பூட்டு விழுந்தது. குறுவைக்கு உரம் கேட்டு வந்தவர்கள், கொல்லையில் துவைகல் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்த கடைக்காரரைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி திரும்பினார்கள். ஊறுகாய் ஜாடி காலியானது. அதில் வினிகரும் உப்பும் நிரம்பின.

“ஜாடியில என்னங்க?”

“நட்டு.”

“காருக்குக் கழண்டதா, உங்களுக்குக் கழண்டதா?”

சவரியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். நட்டுகள் பளபளத்தன. கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் செங்கல் நிறம்! அழுகையே வந்துவிட்டது.

“சோடாத் தண்ணியில அலசி, வெயில்ல காயவச்சு, உடனே எண்ணெய் தடவணும்” என்றாள் சகாயம்மாள், போகிற போக்கில்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“இந்த வீட்டு அருவாமனையை யாரு தேய்க்கிறா?”

இவளிடம் பாடம் கேட்பதா? கேட்கவே மாட்டார். அவள் கடைத்தெருவுக்குப் போனதும் ஆப்ப சோடாவை எடுத்துக் கரைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பினார். கார் இருமியது, தும்மியது, அப்புறம் உறுமியது. சவரியப்பன் உள்ளே ஓடி ஜரிகை வேட்டி கட்டி, அத்தர் பூசிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் சகாயம்மாள்.

“சகாயம், அது டிரைவர் சீட்டு.”

“தெரியுதுங்க. அதான் உக்காந்திருக்கேன்.”

“உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?”

கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். மாதர் சங்கக் கூட்டம் என்று நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறியதெல்லாம் டிரைவிங் ஸ்கூலுக்காம்!

“அப்ப இரும்புக் கடைன்னது?”

“காரைச் சரி பண்ணுங்கன்னு மழை விட்டதுலேருந்து கேட்டேன். நீங்க அசையல. ஜெக்கரியா பாய் வந்து ஒரு தடவை சிரிச்சாரு, வேலை முடிஞ்சுது.”

“இது துரோகம்!”

“துருவை எடுத்தாச்சு. துரோகத்தைப் பூசை முடிஞ்சு வந்து பேசிக்கலாம். பின்னாடி போய் நில்லுங்க, ரிவர்ஸ்தான் எனக்கு இன்னும் சரியா வரல.”

தெருவே வேடிக்கை பார்க்க, ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காருக்குப் பின்னால் நின்று சவரியப்பன் கத்தினார்: “வரட்டும்... வரட்டும்... வரட்டும்!”