எழுபத்தொன்றுக்குப் பதினாலு

பொங்கியண்ணன் எந்த முடிவையும் தோட்டத்தில் வைத்துத்தான் எடுப்பார். வீட்டில் முடிவெடுக்கிற வேலை மனைவி வள்ளியாத்தாளுடையது. அன்றைக்கும் கடலைக்காட்டு வரப்பில் நின்றுதான் எடுத்தார். மகள் கமலாத்தாளைக் காலேஜிலிருந்து நிறுத்தி, வருகிற வைகாசியில் அக்கா மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவது.

அக்கா காளியாத்தாள் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "கமலாவ எம் பையனுக்கு எப்பத் தர்றே?" என்று பொங்கலுக்கு வந்தபோது அவள் கேட்க, இவர் தலை தானாக ஆடிவிட்டது. ஆடின தலையை இனி நிறுத்த முடியாது. மகளின் படிப்பைத்தான் நிறுத்தலாம்.

கமலாத்தாள் பாலக்காட்டில் பி.எஸ்ஸி. முதல் வருசம். படிப்பு போதாதென்று கூடைப்பந்து வேறு. அந்த விளையாட்டின் மேல் பொங்கியண்ணனுக்கு மரியாதையே கிடையாது. அடியில்லாத கூடையில் பந்தைப் போட்டால் எப்படி நிற்கும்? போடுகிறார்கள், கீழே விழுகிறது, மறுபடியும் போடுகிறார்கள். போதாக்குறைக்கு ஒருநாள், "கமலா எங்கீங்க, காணம்?" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டதற்கு, "கோர்ட்டுல இருக்கறா" என்று இவர் சொல்லிவைத்தார். வரப்புத் தகராறுக்குக் கேஸ் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுசர் மாசக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நிறுத்துவது என்று முடிவெடுத்தாயிற்று. வள்ளியாத்தாளிடம் எப்படிச் சொல்வது? அதற்கும் ஒரு வழி வந்து சேர்ந்தது. காலேஜ் கேண்டீன் நடத்துகிற கோவிந்தன் நாயர் தேங்காய் எடுக்க வந்தவர், பேச்சோடு பேச்சாகப் பெருமூச்சு விட்டார்.

"பொள்ளாச்சியில பந்துகளி உண்டு, பொங்கியண்ணா. அந்த டீம்ல ஓரோ குட்டியும் தெங்கு மாதிரி. நம்ம பிள்ளைக வாழக்கன்னு. எந்தாகுமோ, பகவானுக்கே தெரியும்."

பகவானுக்கு மட்டுமில்லை, பொங்கியண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் சோறு உண்டுகொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏம் புள்ள, கமலா விசயத்துல நாம சண்டை கட்ட வேண்டாம். பொள்ளாச்சி ஆட்டத்துல அவுங்க ஜெயிச்சா, படிச்சு முடிக்கட்டும். தோத்துட்டா வைகாசியில கல்யாணம். என்ன சொல்றே?"

குறைந்தது ஒரு வாரமாவது சண்டை நடக்கும், குழம்பில் உப்பு இருக்காது என்று அவர் எதிர்பார்த்திருந்தார். வள்ளியாத்தாள் ரசத்தை ஊற்றினாள்.

"செரிங்க."

"செரியா?"

"நீங்க சொன்னா நாயமாத்தான் இருக்கும். ஒண்ணே ஒண்ணுங்க. போறப்ப செங்கோட்டையண்ணனையும் கூட்டிட்டுப் போங்க. பொண்ணெடுக்கறவங்களும் நேர்ல பாத்துட்டா, நாளைக்கு ஒரு பேச்சு வராது பாருங்க."

செங்கோட்டையன் காளியாத்தாளின் புருசன். மாப்பிள்ளையின் தகப்பன். அவரே சாட்சிக்கு வந்தால் இன்னும் நல்லதுதானே. பொங்கியண்ணன் அன்றைக்கு ஒரு கரண்டி அதிகமாகவே உண்டார்.

சனிக்கிழமை காலையில் பாலக்காட்டிலிருந்து வந்த காலேஜ் பஸ்ஸை மச்சானும் மச்சினனும் கொழிஞ்சாம்பாறையில் பிடித்தார்கள். முன்னால் ஆட்டக்காரப் பெண்கள். பின்னால் டீச்சர்கள், கூடப் படிக்கிறவர்கள், இரண்டு மூன்று தகப்பன்மார், நடுவே கோவிந்தன் நாயர். கோபாலபுரம் வரைக்கும் பின்பக்கம் ஒரே பாட்டு. பாடுகிறவர்களைப் பார்க்க பொங்கியண்ணனுக்குப் பாவமாக இருந்தது.

பொள்ளாச்சியில் ஆடுகளம் சிமெண்டுத் தரை. பாலக்காட்டுப் பெண்கள் மண்ணில் ஆடிப் பழகினவர்கள். அவர்கள் தொடை தெரியக் கால்சட்டையோடு களத்தில் இறங்கியதும் செங்கோட்டையன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். பொங்கியண்ணனும் அதே மரத்தைப் பார்த்தார். விசில் ஊதியபிறகு கண் தானாகக் கீழே வந்தது.

நாயர் சொன்னது பொய்யில்லை. பொள்ளாச்சிப் பெண்கள் கையைத் தூக்கினால் வளையம் எட்டுகிற உயரம். கரும்பலகையில் கணக்கெழுதிய பெண்ணுக்கு அவர்கள் பக்கம் அழித்து அழித்து எழுதிக் கை ஓய்ந்தது. நம் பக்கம் எழுதின சாக்பீஸ் தேயவே இல்லை. ஒவ்வொரு பந்து விழும்போதும் பொங்கியண்ணன் மனசுக்குள் வைகாசி முகூர்த்தம் ஒரு அடி கிட்டத்தில் வந்தது. பந்தலுக்கு எந்த மரத்து ஓலையை வெட்டுவது என்றுகூட யோசித்துவிட்டார்.

பாதி ஆட்டம் தாண்டியதும் உள்ளூர்க்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கைதட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் கூட்டமாக எண்ணினார்கள். பாலக்காட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கால் தளர்ந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றேவிட்டாள்.

ஏழாம் நம்பர்க்காரி மட்டும் நிற்கவில்லை. கமலாத்தாள் அந்த அணியிலேயே குள்ளம். கோட்டைத் தாண்டிப் போகிற பந்தை எட்டிப் பிடிக்கப் பாய்ந்து சிமெண்டில் தேய்த்துக்கொண்டு விழுந்தாள். முழங்காலில் ரத்தம். எழுந்து பாவாடை இருக்கிற பழக்கத்தில் தொடையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஓடினாள். கூட்டம் இன்னும் சத்தமாகச் சிரித்தது.

பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. இவ்வளவு பின்னால் கிடக்கிறபோது எதற்கு ஓடுகிறாள்? இனி ஓடி என்ன ஆகப்போகிறது? அந்தக் கேள்வி எங்கேயோ கேட்டதாக இருந்தது. மழை பொய்த்த வருசம், கிணறு வற்றி, ஊரே கைவிட்ட பிறகு, அவர் மட்டும் தென்னம்பிள்ளைகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார். வழியில் போனவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்டார்கள். அவர் அடுத்த குடத்தை எடுக்கப் போய்விடுவார். கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுத்தான் போயின.

செங்கோட்டையன் அவர் தோளில் தட்டினார். "தோத்தது தோத்தாச்சு. உம் புள்ளைக்கு அது தெரியல பாரு, மாப்ளே. பாவம்."

"தெரியாமலா ஓடறா?" என்றார் பொங்கியண்ணன். அடுத்த நிமிசம் எழுந்து நின்று, "கமலா, உடாத கண்ணு" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிகிறவரை அவர் உட்காரவில்லை. அவள் தூக்கிப்போட்ட கடைசிப் பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. எழுபத்தொன்றுக்குப் பதினாலு.

திரும்பி வருகிறபோது பஸ்ஸில் பாட்டு இல்லை. காரணங்கள்தான் இருந்தன. சிமெண்டுத் தரைதான் காரணம் என்றார் ஒருவர். வளையத்தை நம் பக்கம் மட்டும் உயர்த்திக் கட்டியிருந்தார்கள் என்றார் இன்னொருவர். காலையில் பிள்ளைகளுக்கு இட்லி அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு டீச்சர் சொல்ல, இட்லி கொடுத்த நாயருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இட்லியில குத்தமில்ல டீச்சரே. அந்த ஏழாம் நம்பர் குட்டி, பந்த எத்தன தடவ கை விட்டது? அவளு ஒராளுதான் காரணம்."

பொங்கியண்ணன் எழுந்தார். பஸ் ஆடிய ஆட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழாம் நம்பர் எம் புள்ளைங்க. கை விட்டா, சரி. ஆனா விட்ட பந்துக்குப் பின்னால ஓடுனது அவ ஒருத்திதான். அந்தப் பொள்ளாச்சிக்காரங்களை அடுத்த வருசம் நம்மூரு மண்ணுக்கு வரச் சொல்லுங்க. அப்பறம் பாக்கலாம்."

"அடுத்த வருசமா?" செங்கோட்டையன் அண்ணாந்து பார்த்தார். "அடுத்த வருசம் அவ எங்க ஊட்ல அல்லோ இருப்பா, மாப்ளே?"

"அடுத்த வருசமும் காலேஜ்லதானுங்க மச்சான் இருப்பா. அதுக்கு அடுத்த வருசமும். படிச்சு முடிச்சப்பறம் கல்யாணத்தப் பத்தி அவளையே கேட்டுக்கலாம்."

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம். ஆனால் பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. முன் சீட்டில் முழங்காலுக்குத் துணி கட்டி உட்கார்ந்திருந்த கமலாத்தாள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோபாலபுரம் செக்போஸ்டில் அரிசி கடத்துகிறார்களா என்று பார்க்கிற ஆள் ஏறி, பந்து மூட்டையை அமுக்கிப் பார்த்தார். "எந்தா கொண்டுவருந்நது?"

"ஒண்ணுமில்ல சாரே" என்றார் நாயர். "இருந்ததெல்லாம் அங்க கொடுத்துட்டு வர்றோம்."

கொழிஞ்சாம்பாறையில் மூன்று பேரும் இறங்கினார்கள். செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எனக்கொண்ணும் இல்ல மாப்ளே. பையன் காத்திருந்தாத் தேஞ்சு போயிற மாட்டான். ஆனா உங்கக்காகிட்ட நீயே வந்து சொல்லு. எனக்கு அவ்வளவு தைரியம் பத்தாது."

வீட்டுக்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கமலாத்தாள் காலைக் கழுவிக்கொண்டு நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். வள்ளியாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னாச்சுங்க?"

"தோத்துட்டாங்க."

"அப்ப வைகாசியிலயே வெச்சரலாமுங்களா?"

பொங்கியண்ணன் தண்ணீரை நிதானமாகக் குடித்தார். "அது வேண்டாம். மச்சான்கிட்டச் சொல்லிப்போட்டேன். அவ படிப்பு முடியட்டும்."

"அண்ணி கோவிச்சுக்குவாங்களே."

"கோவிச்சா கோவிச்சுக்கட்டும். நாளைக்கே போயி நான் பேசிக்கறேன். பஸ்ஸு நெறய ஆளுக முன்னால ஒரு சொல்லு சொன்னா, சொன்னதுதான்."

"நீங்க சொன்னாச் செரிங்க" என்றாள் அவள்.

அந்தச் 'செரிங்க' அவர் காதுக்கு இதமாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு முடிவெடுத்தாயிற்று. பந்தயத்தில் தோற்றவளுக்குப் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்த திருப்தியில் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இருந்தாலும் நீ ஏமாந்துட்டே, புள்ள. அவுங்க ஜெயிச்சுருவாங்கன்னு நம்பித்தானே அன்னைக்குச் செரின்னு சொன்னே?"

"இல்லீங்க. தோத்துருவோம்னு கமலா அப்பவே சொல்லிட்டாளுங்க."

"தெரிஞ்சுமா எங்க ரெண்டு பேரையும் அனுப்புனே?"

வள்ளியாத்தாள் காலிச் சொம்பை எடுத்துக்கொண்டாள்.

"பட்டுப்போற தென்னம்பிள்ளைக்குக் கொடத்துல தண்ணி சுமந்தவரு நீங்கதானுங்க. ஜெயிக்கற ஆட்டமா இருந்தா நானே போயிருப்பனுங்க."