துண்டுக்கு அடியில் ஒரு எஸ்டிமேட்

வேலை கேட்கப் போன இடத்தில் அதிகாரியின் கையைப் பிடித்தவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி பாவாயி சொன்னால் கையோடு விடமாட்டாள், காலையும் பிடித்தேன் என்பாள்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. அப்பா நாமக்கல் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுத் தரகர். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். (எங்கள் ஊரில் அது கலெக்டருக்கு ஒரு படி கீழே.) பாவாயி என் தாய்மாமன் மகள். மாமனுக்கு ராசிபுரத்தில் நெய் வியாபாரம். பேச்சில் மட்டும் நெய் கிடையாது. மாட்டு வாலைப் பிடித்துத் திரிகிறவனுக்குப் பெண் கிடையாது, தைக்குள் நாற்காலி உத்தியோகம் வாங்கினால் பார்க்கலாம் என்று அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். ஆத்தூர் மாப்பிள்ளை ஒருவன் ஏற்கெனவே வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போயிருந்தான். பாவாயி இல்லாமல் எனக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்று நான் அப்போது நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

சேலத்தில் ஒரு போர்டு ஆபீஸில் குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. சாலை, பாலம், கிணறு என்று கிராமங்களிலிருந்து வரும் எஸ்டிமேட்டைப் படித்து, பொதுப்பணத்தில் இதற்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று குறிப்பு எழுத வேண்டும். வாத்தியாரிடம் இரவல் வாங்கிய கோட்டில் போனேன். அதற்குள் இன்னொருவர் குடியிருக்க இடம் இருந்தது. கோட்டுக்கு மேல் துண்டு எதற்கு என்று அம்மா கேட்டாள். துண்டில்லாமல் வெளியே போய் எனக்குப் பழக்கமில்லை.

அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். எங்கள் ஜில்லாவுக்கு வந்து மூன்று மாதம்தான். வேலைக்கு வந்த மற்ற மூன்று பேரும் அதே அறையில் பெஞ்சில் இருந்தார்கள். என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். கிராமத்துச் சாலை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் கேட்ட எஸ்டிமேட். அந்தச் சாலையில் நான் எத்தனையோ தடவை மாடு ஓட்டியிருக்கிறேன். ஆறு மைல் தள்ளியிருந்து வண்டியில் கல் கொண்டுவருவதாக எழுதியிருந்தது. சாலை ஓரத்திலேயே பாறைக் கரடு கிடக்கிறது, அதை விட்டுவிட்டு! மனக்கணக்குப் போட்டேன். அறுநூறு தாராளம்.

"எவ்வளவு கொடுக்கலாம்?" என்று கேட்டு, தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

எங்கள் சந்தைகளில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேச்சு. பக்கத்து ஆள் காதில் விழுந்தால் வியாபாரம் கெட்டது. சின்ன வயசிலிருந்து இதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இங்கே போட்டிக்கு மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஒரு கை நீண்டிருக்கிறது. கேட்பதோ விலை. என்னைக் கேட்காமலே துண்டு அவர் கைமேல் போய் விழுந்தது. ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி, அப்புறம் ஒற்றை விரலில் ஒரு பிடி. விரலுக்கு நூறு, ஆக அறுநூறு. (கண்ணும் அடித்தேனாம். பாவாயி அங்கே இருந்த மாதிரி சொல்வாள்.)

அதிகாரி துள்ளி எழுந்ததில் மைக்கூடு கவிழ்ந்து, இரவல் கோட்டு நீலமாயிற்று. துண்டுக்கு அடியில் எனக்கே லஞ்சமா, கூப்பிடு போலீஸை என்று சத்தம் போட்டார். ஆத்தூர் மாப்பிள்ளை தாலியோடு கண்முன் வந்து நின்றான்.

அப்போதுதான் வாசலில் நின்ற டவாலிச் சேவகர் மாரப்பன் உள்ளே வந்தார். கேட்காமல் வாய் திறந்தால் வேலை போகும் காலம் அது. அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் ஆறு பேர். நான் அவருக்கு முன்பின் தெரியாதவன்.

"சாமி, பையன் லஞ்சங் குடுக்கலீங்க. வெல சொல்றானுங்க."

சந்தை வழக்கத்தை விளக்கினார். அதிகாரி நம்பவில்லை. அதே விலையை மாரப்பன் கையில் சொல்லச் சொன்னார். மறுபடி துண்டைப் போட்டுப் பிடித்தேன்.

"அறுநூறுங்க" என்றார் மாரப்பன்.

ஏன் அறுநூறு என்று அதிகாரி என்னைக் கேட்டார். கரடு, கல், வண்டிக்கூலி என்று உளறிக் கொட்டினேன். அவர் டிராயரைத் திறந்து, தான் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்தார். அறுநூற்றிருபது. மீதி இருபது எங்கே என்றார்.

"சந்தையில கொஞ்சங் கொறச்சுத்தானுங்க ஆரம்பிப்போம்."

அவர் சிரிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. இனிமேல் வாயால் சொல் என்று கண்டித்துவிட்டு, வேலையைக் கொடுத்தார். அந்த மனிதர் நன்றாயிருக்கட்டும்.

தையில் கல்யாணம். பந்தலின் கடைசியில் நின்ற மாரப்பனை மேடைக்குக் கூப்பிட்டேன். வந்தவர், அத்தனை பேர் முன்னால் தன் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். பந்தலே சிரித்தது. மாமன்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து இன்றுவரை, வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முன்னால் பாவாயி கேட்பாள்: "அன்னைக்கு என்னய என்ன வெலைக்குங்க பேசினீங்க?" நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு தொகை சொல்வேன். குறைத்துச் சொன்னால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

உண்மையில் அங்கே விலையே பேசவில்லை. நீங்கள் வாய் திறக்காவிட்டால் எனக்கு இந்தக் கல்யாணமே இல்லை என்று மாரப்பனிடம் சொல்லத்தான் கூப்பிட்டேன், அதற்குள் துண்டு விழுந்துவிட்டது. துண்டுக்கு அடியில் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். அவரும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இதை நான் பாவாயியிடம் சொன்னதில்லை. சொன்னால் அவள் கேட்பதை நிறுத்திவிடுவாள்.