ஆயுசு கேட்டுப் பல் அடைத்தவர்

உலகத்தில் உள்ள பல் டாக்டர்கள் எல்லாரும் "எங்கே வலிக்கிறது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். முத்தியால்பேட்டையில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் எங்கள் டாக்டர் மட்டும், "இன்னும் எத்தனை வருஷம் இருக்கறதா உத்தேசம்?" என்று கேட்பார். அதனால் அவருக்கு ஆயுசு டாக்டர் என்று பேராகிவிட்டது. சொந்தப் பெயர் போர்டில் இருக்கிறது. யாரும் அதைப் படித்ததில்லை.

மனிதர் கிண்டலுக்குக் கேட்பதில்லை. "அது தெரிஞ்சாதானம்மா எதை வச்சு அடைக்கறதுன்னு முடிவு பண்ண முடியும்?" என்று முதல் நாளே எனக்கு விளக்கினார். சிமென்ட் பல்லோடு தானாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் தேயும். பல் நிறத்தில் வைக்கும் பசை நீல விளக்கைக் காட்டினால் அங்கேயே இறுகிவிடும், பார்க்க அழகு, வைக்கும்போது எச்சில் பட்டால் போச்சு. பாதரசம் கலந்த வெள்ளி கறுப்பாகத் தெரியும், ஆனால் கடைவாய்ப் பல்லில் வருஷக்கணக்கில் உழைப்பதற்கு அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பீங்கானுக்கு அளவெடுத்து அனுப்பி, செய்து வாங்க வேண்டும். தங்கம் வைத்தால் நாம் போன பிறகும் இருக்கும். இவ்வளவையும் நம் வாயில் பஞ்சைத் திணித்துவிட்டுத்தான் சொல்வார். குறுக்கே பேச வழியே இல்லை.

கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் விற்க வரும் அம்மா ஒருத்தி கன்னம் வீங்கி வந்திருந்தாள். கேள்வியைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"எம்மாமியா போற வரைக்கும் நான் இருக்கணும் டாக்டரே. அதுக்கு மேல ஒரு நாள் போதும்."

"மாமியாருக்கு என்ன வயசு?"

"எழுவது. கல்லு மாதிரி இருக்கா."

"அப்ப வெள்ளியே போட்டுடுவோம்" என்றார் டாக்டர், சிரிக்காமல்.

பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும், ஊரே 'முசே' என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் தங்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "வைக்கலாம் முசே. ஆனா நீங்க கல்லறைக்குப் போனப்புறம் அங்க யாரைப் பார்த்துச் சிரிக்கப் போறீங்க?" என்றார் டாக்டர். முசே மரியாதையாக "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் என் தம்பி செல்வத்தைக் கூட்டிப்போக வேண்டி வந்தது.

செல்வத்துக்கு அரியாங்குப்பத்தில் பைக் மெக்கானிக் ஷெட். நுரையீரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் என்னையும் அவன் மனைவி கலாவையும் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வருஷம் இருந்தால் அதிகம் என்றார்கள். அவனிடம் "சின்னக் கட்டி, கரைஞ்சிடும்" என்று சொல்லி வைத்தோம். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவதற்கு முன் சொத்தைப் பல்லைச் சரிசெய்துவிட்டு வரச் சொன்னார்கள்.

நான் முன்னாலேயே போய் விஷயத்தைச் சொல்லி, "டாக்டர், உங்க காலைப் பிடிக்கறேன், அவன்கிட்ட மட்டும் அதைக் கேட்டுடாதீங்க" என்றேன். அவர் கண் கலங்கித் தலையாட்டினார். நானும் நம்பினேன்.

பழக்கதோஷம் யாரை விட்டது? செல்வம் நாற்காலியில் சாய்ந்தான். டாக்டர் கையுறையை மாட்டினார், விளக்கைத் திருப்பினார், "இன்னும் எத்தனை வருஷம் இருக்கறதா…" என்று ஆரம்பித்துவிட்டு, பேயறைந்த மாதிரி நின்றார். கலா என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"ஒரு வருஷம் டாக்டர்" என்றான் செல்வம். "இதுங்க ரெண்டும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்குதுங்க."

டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. "அதுக்கு சிமென்ட்டே போதும் தம்பி" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

செல்வம் சிரித்தான். ஆஸ்பத்திரிக்கு அலைய ஆரம்பித்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "வெள்ளியே போடுங்க டாக்டர். போற வரைக்கும் நல்லா கடிச்சித் தின்னுட்டுப் போறேன்."

கலா படியிறங்கும்போதே சாபம் விட்டாள். "அந்தாளு நாக்கு அழுவிப் போவ! இனிமே இந்தப் பக்கம் தலைவச்சிப் படுக்க மாட்டேன்."

ஆனால் வீட்டுக்கு வந்ததும் செல்வம் டிவியை அணைத்துவிட்டு அவளை எதிரே உட்காரச் சொன்னான். ஷெட்டை யாரிடம் விடுவது, மகளை என்ன படிக்கவைப்பது, தான் போன பிறகும் அவள் பூ வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசினான். அவள் அழுதாள், சண்டை போட்டாள், பிறகு அவளும் பேசினாள். அவர்களுக்குக் கல்யாணமாகி அவ்வளவு காலத்தில் அந்த வீட்டில் அப்படியொரு பேச்சை நான் கேட்டதில்லை. வருஷம் முடிவதற்கு முன்பே செல்வம் போய்விட்டான்.

சாவுக்கு ஆயுசு டாக்டர் வந்தார். உள்ளே வர தைரியமில்லாமல் ஷாமியானாவின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கலா எழுந்து நேராக அவரிடம் போனாள். அறைந்துவிடுவாளோ என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவள் அவர் முன்னால் கைகூப்பி நின்றாள். "நீங்க மட்டும் அன்னிக்கி வாய் தவறிக் கேக்கலன்னா, அவரு எங்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசாமயே போயிருப்பாரு டாக்டர்" என்றாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

இப்போதும் பல்லில் ஒரு கோளாறும் இல்லாமலே அவ்வப்போது அந்த மாடிப்படி ஏறுகிறேன். அந்த மனுஷரைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு நன்றாக இருக்கிறது.